ஒரே கரித்துண்டு, இரண்டு ஆய்வகங்கள்

கீழடிக்கு என்ன வயது என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல் கி.மு. 580 என்று சொல்லிவிடுவோம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் வந்த எண் அது. நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரியை அமெரிக்காவின் மயாமியில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பிப் பெற்ற முடிவு. அதே தொகுப்பில் 200 செ.மீ. ஆழத்து மாதிரி ஒன்றுக்கு கி.மு. 205 என்று வந்தது. அந்த எண் யார் நினைவிலும் தங்கவில்லை.

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மாலை நடையில் இந்தப் பேச்சு வந்தால், "அமெரிக்க லேபே சொல்லிருச்சு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்பார். கூடவே நடக்கும் இன்னொருவர், மத்திய அரசில் கணக்குத் துறையில் இருந்தவர், "பணம் கட்டினா எந்த லேபும் ரிசல்ட் குடுக்கும் ஐயா" என்று பதில் சொல்வார். ஒருவருக்கு ஆய்வகத்தின் மேல் முழு நம்பிக்கை, மற்றவருக்கு முழு ஐயம். இரண்டு பேரும் ஆய்வகத்தின் முகவரியைப் பார்க்கிறார்கள் என்பதுதான் என் குறை. அதே பொருளை இன்னோர் ஆய்வகம், முதல் ஆய்வகம் என்ன சொன்னது என்று தெரியாமல் அளந்ததா? அளந்திருந்தால் இரண்டு எண்களும் எவ்வளவு விலகின? தமிழ்நாட்டு அகழாய்வுத் தேதிகளைப் பற்றிய இத்தனை ஆண்டு வாக்குவாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் காதால் கேட்டதில்லை.

நான் தொல்லியல்காரன் இல்லை. ஓக்லாவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். எங்களுக்கு அவ்வப்போது வெளியிலிருந்து முத்திரையிட்ட பாட்டில் வரும். அதில் ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்பது அனுப்பியவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அதே பாட்டில் நாட்டின் பல ஆய்வகங்களுக்கும் போயிருக்கும். எல்லோரும் அளந்து அனுப்பிய பிறகு ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் ஒரு மதிப்பெண் வரும். சரியான விடையிலிருந்து எவ்வளவு விலகினோம் என்பதைக் காட்டும் அந்த எண்ணை இசட் ஸ்கோர் என்போம். இரண்டுக்குள் இருந்தால் சரி. மூன்றைத் தாண்டினால் என்ன தவறு நடந்தது என்று வேரிலிருந்து தேடியாக வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே இந்தச் சோதனை உண்டு என்றால், ஒரு நாகரிகத்தின் வயதுக்கு வேண்டாமா?

ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள், அவற்றை அளப்பதிலும் இப்படிப்பட்ட சோதனைகள் உண்டு. வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமை 2016-இல் தண்ணீரை வைத்து ஒரு பெரிய ஒப்பீட்டை நடத்தியது. தண்ணீரில் சாதாரண ஹைட்ரஜன், ஆக்சிஜனோடு கொஞ்சம் கனமான ஹைட்ரஜனும் கொஞ்சம் கனமான ஆக்சிஜனும் இருக்கும். அவற்றின் விகிதத்தை வைத்து நிலத்தடி நீர் எங்கே பெய்த மழையிலிருந்து வந்தது, எவ்வளவு ஆவியானது என்றெல்லாம் சொல்ல முடியும். உலகெங்கும் 235 ஆய்வகங்கள் கலந்துகொண்டன. ஆக்சிஜனில் ஆயிரத்தில் 0.2 பங்குக்குள்ளும் ஹைட்ரஜனில் ஆயிரத்தில் 1.5 பங்குக்குள்ளும் சரியான விடையை ஒட்டி வந்தவை ஏறக்குறைய 73 விழுக்காடு. மீதி, அதாவது கால்வாசிக்கும் மேல், ஏற்க முடியாத முடிவுகள்.

அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. அனுப்பிய தண்ணீர்களில் ஒன்றில், யாருக்கும் சொல்லாமல், துளியளவு மெத்தனால் கலந்திருந்தார்கள். லேசர் கருவிகள் நீராவி எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து அளப்பவை. மெத்தனாலும் அதே பக்கத்தில் உறிஞ்சும். அதனால் லேசர் வைத்திருந்தவர்களின் எண்கள் எங்கெங்கோ பறந்தன. துகள்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் பழைய பாணி இரட்டை வாயில் நிறை நிறமாலைமானிகளை அது பாதிக்கவில்லை. கருவி காட்டிய எண்ணை அப்படியே எழுதி அனுப்பியவர் யார், "இது நம்பும்படியாக இல்லையே" என்று நிறுத்திப் பார்த்தவர் யார் என்பது இதில் வெளியே வந்துவிட்டது. மொத்தத் தவறுகளையும் அலசியபோது கருவிக் கோளாறை விட மனிதக் கோளாறே மேலோங்கி நின்றது. கணக்குப் பிழை, கெட்டுப்போன ஒப்பீட்டுத் தண்ணீர், கலப்படத்தைக் கவனியாமை, நடக்கவே முடியாத எண்ணை ஐயப்படாமை என்று பட்டியல் நீள்கிறது. விலையுயர்ந்த கருவியும் வெளிநாட்டு முகவரியும் இவற்றில் எதையும் தடுப்பதில்லை.

சரி, கரியின் வயதைச் சொல்ல உதவும் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனுக்கு வருவோம். உயிரோடு இருக்கும் மரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்றுதான் கார்பன் 14. மரம் செத்த பிறகு அது 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். இப்போதைய முடுக்கி நிறை நிறமாலைமானிகள் அந்த அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுகின்றன. எண்ணுவதில் நூற்றுக்கு ஒன்று பிசகினால் வயதில் ஏறத்தாழ 80 ஆண்டு பிசகும்.

எல்லா ஆய்வகங்களும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக அமெரிக்கத் தர நிறுவனம் 1955-இல் விளைந்த சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து ஆக்சாலிக் அமிலம் செய்து பங்கிட்டுக் கொடுத்தது. அது தீர்ந்து வந்தபோது, 1977-இல் பிரான்சில் விளைந்த கிழங்கின் சர்க்கரைப்பாகிலிருந்து இரண்டாவது தொகுதி செய்தார்கள். மயாமியானாலும் டெல்லியானாலும் கீழடிக் கரியை இந்த அமிலத்தோடு ஒப்பிட்டுத்தான் வயது சொல்ல முடியும். அதனால் அளவுகோல் வேறுபாடு இன்று பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் அதற்கு முன்பே, கரியைக் கழுவும் இடத்தில் தொடங்குகிறது.

மண்ணுக்குள் கிடந்த கரியில் மண்ணின் சுண்ணாம்பும் மட்கிய இலைகளின் அமிலமும் ஏறியிருக்கும். அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று மாற்றி மாற்றிக் கழுவி அவற்றை நீக்குகிறார்கள். எந்தச் செறிவு, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதெல்லாம் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். 2500 ஆண்டுப் பழைய கரியில் நூற்றுக்கு ஒரு பங்கு இன்றைய கார்பன் தங்கிவிட்டால் வயது 30 ஆண்டுபோலக் குறையும். அதே அளவுக்குப் பழைய சுண்ணாம்புக் கார்பன் தங்கினால் 80 ஆண்டு கூடும். அறிக்கையில் அச்சாகும் "± 30" என்பதில் இந்தக் கழுவல் குறைபாடு முழுமையாகச் சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சுமார் 20 ஆய்வகங்கள் ஒரே மரவளையங்களை அளந்த ஒப்பீடு ஒன்று 1982-இல் நேச்சர் இதழில் வந்தது. தங்கள் பிழை அளவை ஆய்வகங்கள் குறைத்தே மதிப்பிடுகின்றன என்பது அதில் தெரிந்தது.

இந்த விஷயத்தில் எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி இருப்பது டூரின் துணிதான். இயேசுவின் உடலைப் போர்த்தியது என்று பலர் நம்பும் அந்த லினன் துணியிலிருந்து 1988 ஏப்ரலில் ஒரு கீற்று வெட்டி ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா என்று மூன்று ஆய்வகங்களுக்குப் பகிர்ந்தார்கள். ஒருங்கிணைத்தது பிரிட்டிஷ் அருங்காட்சியகம். கூடவே வயது தெரிந்த மூன்று பழைய துணிகளும் போயின. எது எது என்று தெரியாதபடி அனுப்ப நினைத்தார்கள். ஆனால் அந்தத் துணியின் மீன்முள் நெசவுக்கு இணையான வேறு பழைய துணி கிடைக்கவில்லை. அதனால் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும் என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவைத்தார்கள். அந்த நேர்மை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வந்த கார்பன் வயதுகள், 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணிய ஆண்டுகளில்: அரிசோனா 646 ± 31, சூரிச் 676 ± 24, ஆக்ஸ்ஃபோர்டு 750 ± 30. முதலுக்கும் கடைசிக்கும் 104 ஆண்டு இடைவெளி. பிழை அளவு முப்பதை ஒட்டியே என்று மூவரும் சொல்லும்போது இவ்வளவு விலகல் தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்புதான் என்று அவர்களே கணக்கிட்டுச் சொன்னார்கள். இங்கேதான் மற்ற மூன்று துணிகளின் அருமை தெரிகிறது. அவற்றில் மூன்று ஆய்வகங்களும் நன்றாகவே ஒத்துப்போயின. ஆக, கருவிகள் ஒன்றோடொன்று முரண்படவில்லை. விலகல் அந்த ஒரு துணியோடு நின்றது. துணியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் கறை வேறுபட்டிருக்கலாம், அல்லது கழுவிய விதம் அந்தத் துணியில் மட்டும் வேறுபாட்டைக் காட்டியிருக்கலாம். ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் இது எதுவும் நமக்குத் தெரிய வந்திருக்காது. அரிசோனாவுக்கு மட்டும் போயிருந்தால் 646 என்பதே கல்வெட்டாகியிருக்கும்.

இறுதி முடிவாக அவர்கள் சொன்னது கி.பி. 1260 முதல் 1390 வரை. நூறு ஆண்டு விலகல் அந்த முடிவை அசைக்கவில்லை. ஏனென்றால் கேள்வி "முதல் நூற்றாண்டா, இடைக்காலமா" என்பது. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. தனித்தனி அளவீடுகளின் மூலத் தரவு சட்டப்படி கேட்ட பிறகு 2017-இல்தான் வெளியே வந்தது என்பது அந்தக் கதையின் வருத்தமான பகுதி. அதைத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் இத்தனை ஆண்டு வதந்திக்கு இடமிருந்திருக்காது.

கீழடியில் நாம் கேட்கும் கேள்வி வேறு மாதிரி. கி.மு. ஆறாம் நூற்றாண்டா, மூன்றாம் நூற்றாண்டா என்று கேட்கிறோம். இங்கே நூறு ஆண்டு மிகப் பெரியது. அதற்கு மேல் இயற்கையே ஒரு தடையும் வைத்திருக்கிறது. கார்பன் வயதை அப்படியே நாட்காட்டி ஆண்டாக எடுத்துக்கொள்ள முடியாது. காற்றில் கார்பன் 14 காலத்துக்குக் காலம் ஏறி இறங்கியிருக்கிறது, அதனால் மரவளையங்களை வைத்து வரைந்த திருத்தக் கோட்டோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அந்தக் கோடு கி.மு. 800-க்கும் 400-க்கும் நடுவே ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. அந்த நூற்றாண்டுகளில் காற்றிலிருந்த கார்பன் 14 குறைந்துகொண்டே வந்தது. கி.மு. 700-இல் வெட்டிய மரம் கூடுதல் கார்பன் 14-ஓடு தொடங்கிக் கூடுதல் காலம் சிதைந்தது, கி.மு. 450-இல் வெட்டியது குறைவாகத் தொடங்கிக் குறைந்த காலம் சிதைந்தது. இன்று அளந்தால் இரண்டிலும் மிச்சம் ஏறக்குறைய ஒன்றே. ஹால்ஸ்டாட் சமதளம் என்று இதற்குப் பெயர். இந்தப் பகுதியில் விழும் எந்த மாதிரிக்கும், எவ்வளவு நல்ல ஆய்வகமானாலும், சில நூற்றாண்டு அகலமுள்ள வீச்சுதான் கிடைக்கும். 580 என்பது அப்படிப்பட்ட வீச்சுக்குள் இருக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை மட்டும் எடுத்து ஆண்டு விழா கொண்டாடுவது அந்த ஆய்வுக்கே நியாயம் செய்வதில்லை என்று நினைக்கிறேன்.

அதேபோல, 2017-இல் ஒன்றிய அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கீழடி எண்கள் 2160 ± 30, 2200 ± 30. திருத்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால் அவை ஏறக்குறைய கி.மு. நான்காம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் நூற்றாண்டு வரை பரவும். "அவர்கள் குறைத்துச் சொன்னார்கள், இவர்கள் கூட்டிச் சொன்னார்கள்" என்று இதை மாநில ஒன்றியச் சண்டையாகப் பேசுகிறோம். அவை வேறு பருவத்தில் எடுத்த வேறு மாதிரிகள். ஓர் ஊரின் மண்ணில் மேலே கிடப்பது பிந்தியது, கீழே கிடப்பது முந்தியது. இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். யார் சொன்னது சரி என்று தீர்க்க, இரண்டு தரப்பும் ஒரே கரித்துண்டை அளந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கிளாஸ்கோவைச் சொல்லியாக வேண்டும். அங்கிருந்து புள்ளியியலாளர் மரியன் ஸ்காட்டும் அவரோடு பணிபுரிபவர்களும் பல பத்தாண்டுகளாக உலகின் கார்பன் ஆய்வகங்களுக்குப் பொது மாதிரிகளை அனுப்பி வருகிறார்கள். மரம், எலும்பு, கரிமண் என்று பலவும் உண்டு. அவர்கள் அனுப்பியவற்றில் விஸ்கி வடித்த இடத்தில் மிஞ்சிய வாற்கோதுமைச் சக்கையும் ஒன்று. தானியம் ஓராண்டுப் பயிர் என்பதுதான் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். அதிலுள்ள கார்பன் முழுக்க ஒரே பருவத்துக் காற்றிலிருந்து வந்தது. எல்லா ஆய்வகங்களுக்கும் உண்மையாகவே ஒரே பொருளைக் கொடுத்ததாக ஆகும். கரியில் அந்த உறுதி கிடையாது. பெரிய மரத்தின் நடுவைரம் வெட்டுவதற்கு நூறு, இருநூறு ஆண்டு முன்பே வளர்ந்து நின்றுபோனது. அடுப்பில் எரிந்த கட்டையின் எந்தப் பகுதி கரியாக மிஞ்சியது என்று யாருக்குத் தெரியும்? ஒரு கரியை உடைத்து இரண்டாகக் கொடுத்தாலும் வளையம் மாறிவிடலாம்.

அதனால்தான் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை என் நினைவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையில் அங்கே கிடைத்த கரிக்கு கி.மு. 3345 வரை தேதிகள் வந்தன. இந்த முறை பீட்டா அனலிட்டிக்கோடு அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்துக்கும் லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்துக்கும் மாதிரிகள் போயின. மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்த இரண்டு இந்திய ஆய்வகங்களும் அளந்தது பானை ஓடுகளை. கடைசியாகச் சூட்டில் பட்டபின் மண்ணில் எத்தனை காலம் கிடந்தது என்று ஒளிர்வை வைத்துச் சொல்லும் முறை அது. பானையோட்டின் முடிவுகள் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டின் நடுப்பகுதியைக் காட்டின. முறைகள் வேறு, பொருள்களும் வேறு. இரண்டும் பழமையைச் சொல்கின்றன என்பது நல்ல செய்தி. ஆனால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் எவ்வளவு விலகும் என்பதை அது சொல்லாது. இரும்பின் வரலாற்றையே மாற்றி எழுதக்கூடிய தேதி இது. ஒரு வழக்குக்கு இரண்டாவது சாட்சி தேடுவதைப் போல இதற்கும் தேட வேண்டும்.

இந்தியாவில் இதற்கு ஆளில்லை என்பதும் உண்மை இல்லை. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-களிலேயே கார்பன் தேதிகள் எடுத்தார்கள். பழைய தொல்லியல் கட்டுரைகளில் "டி.எஃப்." என்று தொடங்கும் எண்கள் அங்கே அளந்தவை. அந்தப் பணி பின்னர் அகமதாபாத்துக்குப் போனது. இங்கே டெல்லியில், அருணா ஆசஃப் அலி சாலையில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் கார்பன் 14-க்கென்றே 500 கிலோவோல்ட் முடுக்கி இருக்கிறது. ஜே.என்.யூ.-வில் ஆராய்ச்சி செய்யும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் ஏரி மண் மாதிரிகளை அங்கே கொடுத்து வாங்குவார். கரியை எரித்து வாயுவாக்கி, இரும்புத்தூள் மேல் கிராஃபைட்டாகப் படிய வைத்து, சிறு குப்பிகளில் அழுத்தி, சக்கரத்தில் பொருத்துவது வரை அவர் விவரித்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, கட்டுப்பாட்டு மாதிரி எத்தனை என்பதுதான். "நம்ம சாம்பிள் தனியா ஓடாதுண்ணே. ஆக்சாலிக்கும் பிளாங்க்கும் அதே சக்கரத்துல சேர்ந்துதான் சுத்தும்" என்றார். பிளாங்க் என்பது கார்பன் 14 துளியும் இல்லாத மிகப் பழைய பொருள். அதில் எண்ணிக்கை வந்தால் அது முழுக்க ஆய்வகத்தின் அழுக்கு. எந்த அறிக்கையானாலும் அந்த எண்ணை முதலில் பார்ப்பேன்.

என் தொழிலில் கண்ட இன்னொன்றையும் சொல்கிறேன். சோதனை பாட்டில் வருகிறது என்று தெரிந்தால் எந்த ஆய்வகமும் தன் கைதேர்ந்த ஆளைத்தான் உட்கார வைக்கும், ஒன்றுக்கு மூன்று முறை அளக்கும். அன்றாடம் வரும் மாதிரிக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பது அரிது. ஆகவே உண்மையான சோதனை என்பது, வயது தெரிந்த பொருளைச் சாதாரண மாதிரி போலவே எண்ணிட்டு, மற்றவற்றுக்கு நடுவே சொருகி அனுப்புவது. அதைச் செய்ய வேண்டியவர் வாடிக்கையாளர். இங்கே வாடிக்கையாளர் தொல்லியல் துறை.

முடுக்கி முறைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். ஒரே தாழியில் எடுத்த நெல்லில் சில மணிகளை மூன்று பங்காக்கலாம். ஒன்று மயாமிக்கு, ஒன்று டெல்லிக்கு, இன்னொன்று இவை இரண்டோடும் தொடர்பில்லாத ஐரோப்பிய ஆய்வகத்துக்கு. ஒவ்வொரு பொட்டலத்திலும் வயது தெரிந்த பழைய தானியம் ஒன்றும் அடையாளம் இல்லாமல் போகட்டும். எப்படிக் கழுவினார்கள், பிளாங்க் எவ்வளவு, கார்பன் வயது என்ன, திருத்திய வீச்சு எங்கிருந்து எதுவரை என்று ஆய்வகக் குறியீட்டோடு முழு அட்டவணை வேண்டும். மூன்று முடிவுகளும் வந்து சேரும்வரை எந்த உறையையும் பிரிக்கக் கூடாது. மூன்றும் ஒத்துப்போனாலும் போகாவிட்டாலும் ஒரே நாளில் மூன்றையும் வெளியிட வேண்டும். இதைத் தமிழிலேயே ஒரு பக்கக் கடிதமாக எழுதித் தொல்லியல் துறைக்கு அனுப்ப இருக்கிறேன். தமிழாசிரியர் ஐயா திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கணக்குத் துறைக்காரர் மூன்று ஆய்வகங்களுக்கும் எவ்வளவு செலவாகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.